ஏற்றத்தில் மட்டும் சூடாகும் பழைய டர்போ கார்: உங்கள் அனுபவம் என்ன?

என்னுடையது பதினைந்து வயதைத் தாண்டிய டர்போ (புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) உள்ள பெட்ரோல் வண்டி. சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றாலும் ஒன்றும் ஆகாது. நீண்ட ஏற்றத்தில் மிதித்தால்தான் பிரச்சினை. டேஷ்போர்டு முள்ளை நம்பிப் பயனில்லை. பல கார்களில் அது நடுவில் அசையாமல் உட்காரும்படிதான் வைத்திருக்கிறார்கள். அது மேலே ஏறுவதற்குள் பாதி காரியம் கெட்டிருக்கும். அதனால் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து இன்ஜின் சூட்டைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் 90 டிகிரி, ஏற்றத்தில் 108.

நிற்கும்போது சூடானால் முதலில் ஃபேனைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது சூடானால் காற்றோ கூலன்ட்டோ (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். எல்லோரும் "பெரிய ரேடியேட்டர் போடு" என்றார்கள். இருக்கட்டும் என்று முதலில் முன் பம்பரைக் கழற்றினேன். ஏசி கண்டென்சர், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன அல்லவா, அந்த இடுக்குகளில் தூசி, செத்த பூச்சி, இலைத்துணுக்கு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதி கண்ணுக்கே தெரியவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் பளிச்! இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, ஃபின் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) மடங்காத அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஓரங்களில் இருந்த ஃபோம் பட்டைகளும் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தன. அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். புது ஃபோம் ஒட்டினேன். அதே ஏற்றத்தில் இப்போது 98.

அப்புறம் ரேடியேட்டரையும் மாற்றினேன். மேல் ஹோஸ் சேருமிடத்தில் பிளாஸ்டிக் டேங்க் பழுப்பேறி, மயிரிழை விரிசல் விட ஆரம்பித்திருந்தது. முழு அலுமினியம் வாங்குபவர்கள் தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) பழையபடி உட்காருமா என்று பாருங்கள். ஷ்ரவுடைக் கழற்றி எறிந்துவிட்டுத் தடித்த ரேடியேட்டர் போடுவது வீண் செலவு. ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் வரை பிடித்து வைக்கும் நல்ல மூடி இருந்தால் 125-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு எவ்வளவு செலவழித்தும் பிரயோஜனமில்லை.

சீக்கிரம் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பற்றிக் கேட்பார்கள். அது சூடு ஏறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கம்பெனி சொன்ன அளவே போதும்.

*

மேலே எழுதியவருடையது போலில்லை, என் வண்டியில் கதை வேறு. ஓடும்போது எல்லாம் சரி. வேகமாக ஓட்டி வந்து அணைத்த பிறகு பானெட்டுக்குள் கடகடவென்று சத்தம். கூலன்ட் குறையும், ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. இனிப்பான வாடை மட்டும் வரும். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயமுறுத்தினார்கள். கூலன்ட்டில் இன்ஜின் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பிளாக் டெஸ்ட் செய்தால் நீலத் திரவம் நீலமாகவே நின்றது. கேஸ்கட்டில் புகை கசிந்திருந்தால் மஞ்சளாகியிருக்கும்.

வெப்பத்தடுப்புத் தகட்டைக் கழற்றினால், டர்போவுக்குப் போகும் கூலன்ட் குழாயின் போல்ட்டைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொருக்கு. கசிவது டர்போ சூட்டிலேயே ஆவியாகியிருக்கிறது. இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர் போட்டதும் கசிவு நின்றது. சத்தத்துக்குக் காரணம், இன்ஜின் அணைந்த பின் டர்போவுக்குள் கூலன்ட்டைச் சுற்றவிடும் சின்ன எலக்ட்ரிக் பம்ப். அது எப்போதோ செத்துவிட்டதால், டர்போவுக்குள் தேங்கிய கூலன்ட் கொதித்துத்தான் அந்தச் சத்தம். எல்லா வண்டியிலும் இந்தப் பம்ப் இருக்காது. இருந்தால், சூடான இன்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள், மெல்லிய ரீங்காரம் வர வேண்டும்.

*

சிலிக்கான் ஹோஸ் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டையில் துளையுள்ள சாதாரண கிளாம்ப் (இறுக்கும் வளையம்) ஹோஸை அறுத்துவிடும், உள்பட்டை வழவழப்பாக உள்ளதை வாங்குங்கள். கூலன்ட் நிறத்தைப் பார்த்தும் கலக்காதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு ரசாயனம் வருகிறது. கேன் மேலுள்ள தர எண்ணை வண்டிக் கையேட்டோடு ஒப்பிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஏர்லாக் (உள்ளே சிக்கிய காற்று) எடுங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது அளவை இன்னொரு முறை பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும்.