நன்னீர் திருக்கைக்கு வீட்டுக்குள் குளம்: எவ்வளவு ஆழம் வேண்டும்?

நீரோட்டம் (கேள்வி):

வணக்கம். இத்தனை காலம் கண்ணாடித் தொட்டியில் டிஸ்கஸ், அரோவானா என்று வளர்த்து வந்தேன். அடுத்தது நன்னீர் திருக்கைதான் என்று முடிவு செய்துவிட்டேன். மோட்டோரோ என்ற இனம், ஒரு ஆண், இரண்டு பெண். திருக்கையின் அழகெல்லாம் முதுகில்தானே இருக்கிறது, மேலிருந்து பார்க்க வேண்டிய மீன். அதனால் தொட்டி வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஒரு குளம் கட்டலாம் என்று ஆசை.

மரச்சட்டம் அடித்து, உள்ளே பிளைவுட் வைத்து, அதன்மேல் ரப்பர் லைனர் விரிப்பதாகத் திட்டம். உள் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 90 செ.மீ. மாடியில் ஒரு காலி அறை இருக்கிறது, தரைத்தளத்தில் சாமான் போட்டு வைத்த அறை ஒன்றும் இருக்கிறது. மாடியில் வெளிச்சம் நன்றாக வரும், எனக்கு அதுதான் விருப்பம். பில்டருக்கு ஒரு பெரிய கேனிஸ்டர் (தண்ணீரை வடிகட்டும் மூடிய டப்பா), தேவைப்பட்டால் இரண்டு. அடியில் மணல் போடலாமா? ஆழம் போதுமா, இன்னும் கூட்ட வேண்டுமா? மரம் வாங்குவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பம்ப்செட்:

மாடி வேண்டவே வேண்டாம். நீங்கள் சொன்ன அளவுக்குத் தண்ணீர் மட்டுமே 5400 கிலோ. சதுர மீட்டருக்கு 900 கிலோ விழுகிறது. குடியிருப்பு வீடுகளின் மாடித்தளத்தைப் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்கான சுமையை வைத்துத்தான் வடிவமைப்பார்கள். ஆள் வந்து போகிற சுமையும் இல்லை இது, இரவு பகல் அங்கேயே நிற்கும். ஆழத்தைப் பாதியாக்கினாலும் கணக்கு சரிவராது. வெளிச்சத்துக்குக் கீழ் அறையில் இரண்டு விளக்கு மாட்டிக்கொள்ளலாம்.

குளத்தங்கரை:

நண்பரே, மாடி விஷயத்தில் பம்ப்செட் சொன்னதுதான் என் கருத்தும். ஆழத்தையும் குறையுங்கள். திருக்கை தரையில் வாழும் மீன், அதற்கு வேண்டியது தரைப்பரப்பு. மோட்டோரோ பெண் நன்றாக வளர்ந்தால் உடல் அகலமே அரை மீட்டரை எட்டிவிடும், வால் தனி. அது எங்கும் இடிக்காமல் திரும்ப வேண்டும் என்பதுதான் முதல் அளவுகோல். உங்கள் 3 × 2 மீட்டர் தரை நல்ல அளவு, அதில் ஒரு செ.மீ. கூடக் குறைக்காதீர்கள். ஆழம் 50 செ.மீ. போதும். சுவர் மட்டும் 75 செ.மீ. இருக்கட்டும், ஏனென்றால் சாப்பாட்டு நேரத்தில் இவை சுவரில் ஏறித் தலையை வெளியே நீட்டும்.

ஆழம் குறைந்தால் மரவேலையும் எளிதாகும். பக்கச் சுவரில் தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்தில் கூடும். 50 செ.மீ. ஆழத்தில் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 125 கிலோ, 90 செ.மீ. என்றால் 400 கிலோவைத் தாண்டும். 3 மீட்டர் நீளச் சுவர் நடுவில் வயிறு தள்ளுவது இதனால்தான். 50 செ.மீ. போதும் என்றாலும் மேல்விளிம்பில் சுற்றிலும் ஒரு பட்டைச் சட்டம் கட்டாயம் கொடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் குளத்தை வரைந்துவிட்டுப் பில்டரை ஓரத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். அதை அப்படியே திருப்புங்கள். காகிதத்தில் முதல் கோடு, அழுக்குத் தண்ணீர் குளத்தை விட்டு வெளியேறும் வழியாக இருக்கட்டும். கடல் திருக்கைகள் யூரியாவை உடலில் தேக்கிவைத்து உப்புநீரைச் சமாளிக்கின்றன. தென் அமெரிக்க ஆறுகளுக்குள் வந்து தங்கிவிட்ட இந்தக் குடும்பம் அந்தத் திறனையே இழந்துவிட்டது. இவற்றின் கழிவு பெரும்பாலும் அமோனியாவாக நேரே தண்ணீரில் கலக்கிறது. புழு, இறால், மீன்துண்டு என்று தின்பது முழுக்கப் புரதம், அதுவும் தினமும். உங்கள் டிஸ்கஸ் தொட்டி அனுபவத்தை வைத்து இதன் கழிவை எடை போடாதீர்கள். கேனிஸ்டர் இதற்கு ஆகாது. அழுக்கு உள்ளேயே ஊறும், திறந்து கழுவ அலுப்பாக இருக்கும், கடைசியில் கழுவாமலே விட்டுவிடுவோம்.

தரையைச் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி லேசாகச் சரித்து, நடுவில் குவிமூடி உள்ள அடி வடிகால் வையுங்கள். மூடிக்கும் தரைக்கும் நடுவே வால் நுழைந்து சிக்காத அளவு இடைவெளி. அங்கிருந்து 110 மி.மீ. குழாயில் தண்ணீர் தானாக இறங்கி, முதலில் கசடு பிடிக்கும் அறைக்கோ, சுழலும் சல்லடையில் கசடைப் பிரிக்கும் டிரம் பில்டருக்கோ போகட்டும். அடுத்து கே1 ஊடகம், அதாவது அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஒட்டி வளர்கிற சிறு பிளாஸ்டிக் துண்டுகள், காற்றுக் குமிழில் சுழலும் அறை. பம்பு கடைசியில். பம்பு முன்னால் இருந்தால் கழிவை அரைத்துத் தூளாக்கிவிடும், அப்புறம் எதுவும் பிடிபடாது. 3000 லிட்டர் குளத்துக்கு மணிக்கு 9000 முதல் 12,000 லிட்டர் ஓட்டம் வையுங்கள். ஹீட்டர் குளத்துக்குள் இருக்கவே கூடாது. திருக்கை அதன்மேல் போய்ப் படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும். பில்டர் அறைக்குள் வைத்து 26, 27 டிகிரியில் நிறுத்துங்கள்.

தண்ணீர் மாற்றுவதைக் கையால் செய்கிற வேலையாக வைக்காதீர்கள். ஒரு சொட்டுக்குழாயில் மணிக்கு 12.5 லிட்டர் விட்டால் ஒரு நாளைக்கு 300 லிட்டர், குளத்தில் பத்தில் ஒரு பங்கு. கூடுதல் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் வழியில் கரி பில்டர் ஒன்று போடுங்கள். குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோரமைன் என்றால் பெரிய கரி பில்டராக வேண்டும், அது உடையும்போது கொஞ்சம் அமோனியாவும் மிஞ்சும். சொட்டுச் சொட்டாக வரும் அந்த அளவை பாக்டீரியா நன்கு வளர்ந்து பழுத்த பில்டர் தாங்கிக்கொள்ளும். அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே தண்ணீர்க் குழாய் எங்கே, வடிகால் எங்கே என்று பாருங்கள். வடிகால் இல்லாத அறையில் திருக்கைக்குளம் கட்டக் கூடாது என்பதே என் எண்ணம்.

நீரின் அமில, கார அளவான பிஎச்சையும் கவனியுங்கள். அதே அமோனியா, பிஎச் 7இல் இருந்தால் அதில் நச்சு வடிவம் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. 8.2 ஆனால் பத்து சதவீதத்தை நெருங்கும். மறுபக்கம், பில்டர் பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலத்தை ஈடுகட்டும் நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்தால் பிஎச் சடாரென்று சரியும், பாக்டீரியாவும் முடங்கிவிடும். அந்தக் காரத்தன்மையை அளக்கும் கேஎச் சோதனைக் குப்பி ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

மணல் வேண்டாம் என்பேன். அடி வடிகாலும் மணலும் ஒத்துப்போகாது.

நீரோட்டம்:

மிக்க நன்றி. கீழ் அறைதான், 50 செ.மீ. ஆழம்தான், முடிவு செய்துவிட்டேன். அறையை ஒட்டியே குளியலறை இருப்பதால் வடிகால் பிரச்சினை இல்லை. ஆனால் மணலே இல்லாத வெறும் லைனரில் திருக்கையை விட மனசு வரவில்லை. இன்னொரு கேள்வி, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். திருக்கையின் வால்முள் பற்றிப் பயப்பட வேண்டுமா?

மணற்படுகை:

குளத்தங்கரை அண்ணா சொன்ன குழாய் வேலை அத்தனையும் சரி, மணலில் மட்டும் நான் மாறுபடுகிறேன். திருக்கை உடலை ஆட்டி மணலைக் கிளப்பித் தன்மேல் போர்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலில் இரை தேடும். நாள் முழுக்க அது செய்கிற வேலை இதுதான், அதைப் பிடுங்கிவிட்டு வழவழப்பான தரையில் விட்டால் பார்க்கப் பாவமாக இருக்கும். தரையில் மூன்றில் ஒரு பங்கை, வடிகாலுக்கு எட்டத்தில், 10 செ.மீ. உயர வழவழப்பான வரம்பு கட்டிப் பிரித்துவிடுங்கள். அதற்குள் கூர்முனை இல்லாத மெல்லிய ஆற்றுமணல் 3, 4 செ.மீ. போதும். கொஞ்சம் வெளியே சிந்தத்தான் செய்யும். அதைப் பிடிக்கத்தானே கசடு அறை இருக்கிறது? சரளைக்கல் மட்டும் கூடாது, வயிற்றுத்தோல் கீறும், புண் ஆறுவது கஷ்டம்.

மூன்றையும் ஒன்றாக விடுவதையும் யோசியுங்கள். ஆண் பருவத்துக்கு வந்ததும் பெண்ணின் உடல் விளிம்பைக் கடித்து விரட்டும், அதுதான் அதன் காதல். பெண் சம்மதிக்காதபோது ஒதுங்க இடம் வேண்டும். இவை முட்டையிடாமல் குட்டி போடும் இனம், சூல்காலம் ஏறக்குறைய மூன்று மாதம். முதலில் பெண் இரண்டை மட்டும் வளர்த்து, குட்டிக்கும் தனி இடம் தயாரான பிறகு ஆணைக் கொண்டுவரலாமே. வாங்கும்போது வால் தொடங்கும் இடத்துக்கு இரு பக்கமும் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அந்த மீனை எடுக்காதீர்கள். உங்கள் கண்முன்னே சாப்பிட வேண்டும். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் வகை மீன்களை இவற்றோடு சேர்த்து விடவே கூடாது, திருக்கையின் முதுகுச் சளியை உறிஞ்சித் தோலைப் புண்ணாக்கும்.

நாளைக்கு லியோபோல்டி என்ற இன்னொரு திருக்கை மேல் ஆசை வந்தால், அது பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் மட்டுமே உள்ள இனம் என்பது நினைவில் இருக்கட்டும். 2022இல் அதையும் சேர்த்து ஏழு நன்னீர் திருக்கை இனங்களை அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். முறையான காகிதம் இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

குளத்தங்கரை:

வரம்பு கட்டிப் பிரிக்கும் யோசனை நன்றாக இருக்கிறது, என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். வரம்பின் விளிம்பு உருண்டையாக இருக்கட்டும்.

முள்ளைப் பற்றி: பயப்பட வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் அதிகமாக. திருக்கை துரத்தி வந்து குத்தாது. மிதித்தாலோ, மூலையில் நெருக்கினாலோ, வலையில் அள்ளினாலோ வாலைச் சுழற்றும். முள்ளின் ஓரம் ரம்பப்பல், மேலே நச்சுள்ள தோலுறை, வலி தாங்க முடியாதது. அறைக்குப் பூட்டு, குளத்துக்குக் கனமான மூடி, இரண்டும் வையுங்கள். நீங்களும் தனியாக இருக்கும்போது கையை விடாதீர்கள். குத்திவிட்டால் பொறுக்கும் அளவுக்குச் சூடான, 45 டிகிரியைத் தாண்டாத நீரில் அந்த இடத்தை முக்கியபடியே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வலி அடங்கினாலும் போக வேண்டும், முள் துணுக்கு உள்ளே தங்கிச் சீழ் வைக்கும். நெஞ்சு, வயிறு, கழுத்தில் முள் நின்றால் பிடுங்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுதான்.

மூடியால் இன்னொரு பயன், ஆவி குறையும். 6 சதுர மீட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் திறந்து கிடந்தால் சுவரெல்லாம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் தகடும் ஒரு வெளியேற்று விசிறியும் வையுங்கள். எல்லா மின்சாரமும், கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாகத்தான் வர வேண்டும்.

பம்ப்செட்:

மின்சாரம் போனால் பம்பு நிற்கும். அப்போது குளத்துக்குத் திரும்பும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், குளத்துத் தண்ணீர் அதன் வழியே பில்டருக்கு இறங்கி அறையை நனைத்துவிடும். வாயை மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள், கடைசி அறையில் 150 லிட்டர் காலியிடமும் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்கணும்.

நீரோட்டம்:

எல்லாம் குறித்துக்கொண்டேன். குளம் நிரப்பி எவ்வளவு நாளில் மீன் விடலாம்?

குளத்தங்கரை:

நாளை எண்ணாதீர்கள், சோதனைக் குப்பியைப் பாருங்கள். மீன் இல்லாமலே அமோனியா திரவம் ஊற்றி லிட்டருக்கு 2 மி.கி. அளவுக்குக் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்தில் அமோனியாவும், பாக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யத்துக்கு இறங்கினால், பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு ஒரு பெண்ணை மட்டும் விடுங்கள். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், உங்கள் பழைய தொட்டியின் பாக்டீரியா ஊறிய பில்டர் பஞ்சை கே1 அறையில் பிழிந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். விட்டபிறகு உடல் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டால் தாமதிக்காமல் தண்ணீரைச் சோதியுங்கள். அடுத்த பெண்ணை, முதலாவது தயங்காமல் சாப்பிட ஆரம்பித்தபின் விடலாம்.