ஐரிஷ் பாடகி லிசா ஹானிகனை மேடையில் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

ராத்திரி ஷிப்ட்:
ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது, இன்று தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். லிசாவின் ‘அட் ஸ்விம்’ ஆல்பம் வந்த புதிது. டப்ளினில் என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் பெண்ணுக்கு ஒரு டிக்கெட் மிச்சமாகிவிட்டது, வா என்று இழுத்துக்கொண்டு போனாள். ஐரிஷ் பாடகர் டேமியன் ரைஸ் பாட்டுகளில் பின்னால் வருமே ஒரு பெண் குரல், அவர்தான் என்பதற்கு மேல் எனக்கு அன்று எதுவும் தெரியாது. பாதி நிகழ்ச்சி வரை கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பாடாக இருந்தது, முந்தின இரவு டியூட்டி.

அப்புறம் ஒரு பாட்டுக்கு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தார். துருத்தியை இழுத்தார், சுரம் வரவில்லை, வெறும் காற்று மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது, அது மைக்கில் நன்றாகவே கேட்டது. எங்கள் வார்டில் இரவு முழுக்க நான் உட்கார்ந்து கேட்பது அதைத்தான். யாருடைய மூச்சு சரியாகப் போகிறது, யாருடையது இழுக்கிறது என்று. தூக்கமெல்லாம் போய்விட்டது, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், அந்த அம்மா பாடத் தொடங்குவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னால் அவளுக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லையாம். வேறு யாருக்காவது கேட்டதா?

பழைய கேசட்:
எனக்கு அதற்கும் முன்னாலேயே அறிமுகம். 2003, நான் லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன், ரைஸின் ‘ஓ’ ஆல்பம் அங்கே அப்போதுதான் கடைக்கு வந்திருந்தது (அயர்லாந்தில் 2002 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, எனக்கு அதை ஒரு ஐரிஷ் அறைத்தோழன் முன்பே திணித்திருந்தான்). டேமியன் ரைஸ் கச்சேரி. வந்தவர்கள் அத்தனை பேரும் அவருக்காக வந்தவர்கள். லிசா ஓரமாக நின்றிருந்தார், கையை என்ன செய்வது என்று தெரியாத மாதிரி ஒரு நிற்பு. ஒரு பாட்டின் முதல் பாதி முழுக்க அவர் மட்டும்தான், ரைஸ் கிதாரோடு சரி. அப்போது எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆள், பீர் கோப்பையை வாய்வரை கொண்டு போனவர், அப்படியே நிறுத்திவிட்டார். அந்தப் பாதி முடியும் வரை கை இறங்கவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஆளின் முழங்கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரைஸ் இல்லாவிட்டால் லிசா ஹானிகன் என்ற பெயரை நாம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ரைஸ் ஜூனிபர் என்ற குழுவில் இருந்து, பாலிகிராம் என்ற பெரிய கம்பெனியின் ஒப்பந்தத்தையே உதறிவிட்டு, இத்தாலியில் டஸ்கனியில் போய்க் கிடந்து, ஐரோப்பாவில் தெருத்தெருவாகப் பாடி, ஊருக்குத் திரும்பி, சினிமா இசையமைப்பாளரான தூரத்துச் சொந்தம் டேவிட் ஆர்னால்ட் வாங்கிக் கொடுத்த கருவிகளை வைத்து வீட்டிலேயே பதிவு செய்த ஆல்பம் அந்த ‘ஓ’. சுயேச்சை என்றால் அதுதான் சுயேச்சை.

கடலோரன்:
பழைய கேசட் அண்ணா, உங்கள் முழங்கைக் கதை அருமை, அதற்குக் கீழே எழுதியதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்த ஆள் கோப்பையை யாருக்காக நிறுத்தினார்? ரைஸுக்காகவா? நீங்களே பதில் எழுதிவிட்டு அதற்கு எதிராகவே வாதாடுகிறீர்கள்.

2007 மார்ச்சில் ம்யூனிக் நகரில் ரைஸ் குழுவின் நிகழ்ச்சி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது, இனிமேல் நாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறேழு வருடம் ரைஸோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிய லிசாவை. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார்? கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கவில்லை. கில்கென்னி மாவட்டத்தில் தாமஸ்டவுன் பக்கம் ஒரு தானியக் கொட்டகையில், குளிரில் ஒத்திகை பார்த்துவிட்டு, டப்ளினில் இரண்டே வாரத்தில் தன் முதல் தனி ஆல்பத்தின் பதிவை முடித்தார். 2008-இல் ஹூப் என்று சொந்த லேபிள் (இசை வெளியீட்டுக் கம்பெனி) போட்டு வெளியிட்டார். அட்டைக்கான தையல் வேலையைக்கூட அவரே ஊசி நூலோடு உட்கார்ந்து செய்தார். மறுவருடம், பிரிட்டன், அயர்லாந்து ஆல்பங்களில் சிறந்ததற்குத் தரும் மெர்குரி பரிசின் பன்னிரண்டு பேர் பட்டியலில் அந்த ஆல்பம். ரைஸும் பின்னாளில் பேட்டிகளில் லிசா பக்கத்தில் இல்லாதது பற்றி வருத்தப்பட்டுத்தானே பேசினார். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

என் அனுபவம் சின்னது. அயர்லாந்தின் கடலோர ஊரான டிங்கிளில் டிக் மேக்ஸ் என்று ஒரு பப், ஒரு பக்கம் மது, எதிர்ப்பக்கம் பழைய செருப்புக் கடையின் தோல் சாமான்கள். அங்கே குழுவோடு நெருக்கியடித்து நின்று அவர் பாடிய வீடியோவை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். நான் போனேன். உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றியது, இவ்வளவுதானா இடம் என்பது. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் தட்டும். கவுன்டரில் இருந்தவர் நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, ‘அந்தப் பக்கம்தான் நின்று பாடினார்கள்’ என்று கையைக் காட்டினார். என்னைப் போல எத்தனை பேர் வந்து அதே மாதிரி முழித்திருப்பார்களோ. அங்கே நின்று ஒரு கோப்பை குடித்தேன். மாண்டலின், பியானிகா, டிரம் எல்லாம் எங்கே வைத்தார்கள் என்று இன்று வரை புரியவில்லை.

சுருதிப்பெட்டி:
முதல் பதிவு போட்ட தங்கைக்கு. அந்தக் காற்றுச் சத்தம் எனக்கும் கேட்டிருக்கிறது, லண்டனில் ஒரு தேவாலயத்தில் நடந்த கச்சேரியில். நான் சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் ஆர்மோனியம் வாசித்தவன். ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை மடியில் குழந்தையை வைத்த மாதிரி வைத்துக்கொண்டு வாசித்ததைப் பார்த்ததும் எங்கள் வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். கட்டை எதையும் அழுத்தாமல் துருத்தியைப் பலமாக அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் தோல் சீக்கிரம் விட்டுப்போகும். மெதுவாக இழுத்தால்தான் காற்று நிதானமாக நிற்கும், லிசா அதைத்தான் செய்தார், சத்தம் கேட்டது வாத்தியத்தின் குறை இல்லை, மைக்கைப் பக்கத்தில் வைத்ததால். அப்புறம் அயர்லாந்து மாதிரி வருடம் முழுக்க ஈரமாக இருக்கும் ஊரில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீடில் (சுரம் எழுப்பும் உலோக நாக்கு) துரு ஏறி சுருதி இறங்கும், அதைச் சரிசெய்ய அங்கே ஆள் கிடைக்க மாட்டார்கள். ரீடைத் தானே சுரண்டிப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள், நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், கை கொஞ்சம் தவறினால் அந்த ரீடையே மாற்ற வேண்டும். ஹீட்டர் பக்கத்தில் வைக்கவே கூடாது, மரம் வெடிக்கும். விமானத்தில் கொண்டு போகிறவர்கள் கப்ளர் (ஒரு கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்தாயியையும் சேர்த்து ஒலிக்க வைக்கும் அமைப்பு) இல்லாத சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள், மடக்குகிற வகை இன்னும் நல்லது. ஆர்மோனியமே பாரிஸில் பிறந்து கல்கத்தாவில் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற வடிவத்துக்கு மாறிய சாமான், நம் அகில இந்திய வானொலி 1940-இலிருந்து முப்பது வருடத்துக்கு அதைத் தடை செய்து வைத்திருந்தது, கமகம் வராது என்று. லிசா வாசிப்பதில் கமகத்துக்கு வேலையே இல்லை, ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் குரலை நடக்க விடுகிறார், சுருதிப்பெட்டிக்கு நாம் கொடுக்கிற வேலைதான். ஆகவே வாங்கினால் மேற்கத்திய வாத்தியங்களின் பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள், மற்ற வாத்தியங்களோடு சேர வேண்டும் அல்லவா.

ராத்திரி ஷிப்ட்:
அண்ணா, நான் ஆர்மோனியம் வாங்கப் போவதாகச் சொல்லவே இல்லையே! ஆனாலும் சிலிக்கா ஜெல் விஷயம் நன்றி, என் பழைய கேமராவுக்கு ஆகும்.

மழைக்கால ஆந்தை:
எனக்குக் கச்சேரி அனுபவம் இல்லை, வீட்டு அனுபவம்தான். ‘சாங் ஆஃப் தி சீ’ என்று 2014-இல் வந்த கார்ட்டூன் படம், கில்கென்னியில் இருக்கும் கார்ட்டூன் சலூன் எடுத்தது. அதில் கடலுக்குப் போய்விடும் அம்மாவின் குரல் லிசாதான். என் மகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு காலம் இருந்தது. பிறகு ஒருநாள் காரில் லிசாவின் ‘பாசஞ்சர்’ ஆல்பத்தை ஓட விட்டேன். பின் சீட்டிலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் முகம் ஒரு மாதிரி. ‘அந்த அம்மா திரும்பி வந்துட்டாங்களா?’ என்று கேட்டாள். படத்தில் அந்த அம்மா என்ன ஆகிறாள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் என்ன பதில் சொல்வது? சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய கேசட்:
கடலோரன், கோபப்படாதீர்கள். அவர் பாட்டு நன்றாக இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சுயேச்சை என்று ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைக்கிறீர்கள், அதைத்தான் கேட்கிறேன். அமெரிக்காவில் அவருடைய ஆல்பங்களை வெளியிட்டது ஏ.டி.ஓ., அமெரிக்கப் பாடகர் டேவ் மேத்யூஸ் சேர்ந்து ஆரம்பித்த லேபிள். ‘அட் ஸ்விம்’ வந்தது பயஸ் (PIAS) என்ற இன்னொரு லேபிள் வழியாக. 2011-க்கும் 2016-க்கும் நடுவே ஆல்பமே இல்லை, எழுத வரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். தி நேஷனல் என்ற அமெரிக்க ராக் குழுவின் ஆரன் டெஸ்னர் தானாக மின்னஞ்சல் அனுப்பி இசைத் துணுக்குகளைக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஆக, யாராவது ஒருவர் கை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒலிக்காரன்:
நான் கார்க் நகரில் சின்னச் சின்ன இடங்களில் சவுண்ட் பார்க்கிறவன், லிசாவுக்கு வேலை செய்ததில்லை, ஆனால் இந்த வாதத்தைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

பழைய கேசட் சார், வெளிநாட்டில் ஆல்பத்தை ஒரு லேபிள் கையில் கொடுத்தால் சுயேச்சை போச்சு என்றால், உங்கள் ரைஸும்தான் போச்சு. அயர்லாந்தில் அவர் சொந்த லேபிள் டி.ஆர்.எம்., பிரிட்டனில் வேறு கம்பெனி, அமெரிக்காவில் வேறு. இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், செய்யாமல் முடியாது. பாட இடம் என்றால் டப்ளினில் வீலன்ஸ், கால்வேயில் ரோஷீன் டுவ், லிமரிக்கில் டோலன்ஸ், எங்கள் ஊரில் சைப்ரஸ் அவென்யூ, அவ்வளவுதான், ஒரு வாரத்தில் நாடு முடிந்துவிடும். உடனே திரும்பி அதே ஊருக்குப் போனால் அதே ஆட்கள்தான் வர வேண்டும். ஆக, கடலைத் தாண்டாமல் பாட்டை வைத்துச் சாப்பிட வழியில்லை. தாண்டும்போது ஒலிப்பதிவின் உரிமை யார் கையில் என்பதுதான் கேள்வி, அட்டையின் பின்பக்கம் யார் முத்திரை என்பது இல்லை.

என் கதை இது. பெயர் வேண்டாம், நன்றாகப் பாடும் பெண், சொந்தமாக ஆல்பம் போட்டவர். மழை, கூட்டம் சுமார். முடிந்ததும் நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் பாரின் ஓரத்தில் கதவு வசூலை வைத்துக்கொண்டு முதலில் பேஸ்காரருக்கு, அப்புறம் டிரம்மருக்கு, அப்புறம் எனக்கு என்று பிரித்துக் கொடுத்தார். பேசின தொகை, ஒரு யூரோ குறையவில்லை. மிச்சத்தை எண்ணிப் பார்க்காமலே கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். எண்ணாமல் போட்டாரே, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிறகு சி.டி.களைப் பெட்டியில் அடுக்கும்போது, அன்று பாடிய பாட்டுப் பட்டியலை, ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.எம்.ஆர்.ஓ. அமைப்புக்கு அனுப்பினாயா என்று கேட்டேன். அனுப்பினால்தான் மேடையில் பாடிய சொந்தப் பாட்டுக்கு ராயல்டி வரும். ‘போன தடவையே அனுப்ப மறந்துவிட்டேன்’ என்று சிரித்தார்.

2022-இல் ஐரிஷ் அரசாங்கம் கலைஞர்களுக்கான அடிப்படை வருமானம் என்று ஒன்று சோதனையாகத் தொடங்கியது. 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ. குலுக்கலில்தான் ஆள் எடுத்தார்கள், எத்தனை நல்ல பாடகர்கள் அதில் விழாமல் போனார்களோ. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததா தெரியாது, அதற்குப் பிறகு அவரை நான் எந்த மேடையிலும் பார்க்கவில்லை.

கடலோரன்:
ஒலிக்காரன், இதைப் படித்த பிறகு எனக்கு வாதாடத் தோன்றவில்லை. பழைய கேசட் அண்ணா, ஆரன் டெஸ்னர் விஷயத்தில் மட்டும் ஒன்று: கை கொடுக்க வந்தவர் சும்மா வரவில்லை, அவருக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது.

பழைய கேசட்:
அது சரி. ஆனால் மெர்குரி லிசாவுக்குக் கிடைக்கவில்லை, ஸ்பீச் டெபெல் என்ற ராப் பாடகி வாங்கினார், அதையும் எழுதுங்கள்.

விருந்தாளி 41:
இங்கே புதியவன். ஸ்டார்கேஸ் இசைக்குழுவோடு டப்ளின் நேஷனல் கான்சர்ட் ஹாலில் அவர் பாடியது 2019-இல் ஆல்பமாக வந்ததே, அதைக் கேட்டுத்தான் நான் உள்ளே வந்தேன், மேடையில் பார்த்ததில்லை, அதனால் இந்த இழையில் எழுத எனக்கு உரிமை கிடையாது. ஒரு கேள்வி மட்டும். நான் இருப்பது ஜெர்மனியில். 2007 மார்ச்சில் ம்யூனிக்கில் அந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? லிசா வரப்போவதில்லை என்று மேடையில் சொன்னார்களா, இல்லை பெண் குரல் வர வேண்டிய இடம் வந்த பிறகுதான் கூட்டத்துக்குத் தெரிந்ததா?