குளிருக்குப் பருப்பு எலும்பு சூப்: எலும்பு முதல்ல, புளிப்பு கடைசில

மன்னார்குடி தம்பி:
ஊர்லேருந்து புதுசா லண்டன், டொரண்டோ பக்கம் வந்தவங்களுக்காகக் கேக்குறேன். ஒரு கிண்ணம் குடிச்சாலே ராத்திரிச் சாப்பாடு முடியுற மாதிரி, பருப்பும் ஆட்டுக்கறியும் போட்டு கெட்டியா சூப் வைக்கிறது எப்படி? எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போட்டா ஒண்ணு பருப்பு அடிப்பிடிக்குது, இல்லேன்னா வேகாம முழுசா நிக்குது. கறி ரப்பர் மாதிரி இருக்கு. அளவோட சொல்லுங்க.

நாகூர் நானா:
தம்பி, நீங்க கேக்குறது நம்ம தால்சாதான் (பருப்பு, கறி, காய் போட்ட குழம்பு), கொஞ்சம் தண்ணியா. கத்தரிக்காய், மாங்காயை எடுத்துட்டு மிளகைக் கூட்டிட்டா சூப்பு. தப்பு நடக்குறது பொருள்ல இல்ல, வரிசையில.

நாலு பேருக்கு: எலும்போட கறி 500 கிராம், மைசூர் பருப்பு 150 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பூண்டு 8 பல், இஞ்சி ரெண்டு அங்குலம், மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1, சோம்பு 1, மல்லித்தூள் 2, மஞ்சள்தூள் அரை, தண்ணி ஒன்றரை லிட்டர்.

கறி வாங்குறதுலயே பாதி வேலை இருக்கு. ‘லாம்’னா செம்மறிக் குட்டி. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுல ‘மட்டன்’னா வளர்ந்த செம்மறி. நம்ம வெள்ளாடு வேணும்னா ஹலால் கடையில ‘கோட்’னு கேக்கணும். கழுத்து, நெஞ்செலும்பு, கீழ்க்கால் இந்த மூணுல ஒண்ணு வாங்குங்க. சூப்புக்குக் கெட்டித்தன்மை தர்றது அதுல எலும்பை ஒட்டி இருக்குற சவ்வுதான். தொடைக்கறி விலையும் ஜாஸ்தி, வெந்தா நார்நாராப் பிரிஞ்சு நிக்கும். ரப்பர் மாதிரி இருக்குன்னா சவ்வு இன்னும் கரையலன்னு அர்த்தம். இன்னும் வேக விடுங்க, வழிக்கு வரும்.

கறியைப் பச்சைத் தண்ணியில போட்டுக் கொதிக்க விட்டு, மேல வர்ற அழுக்கு நுரையைக் கரண்டியால எடுத்துடுங்க. அப்புறம் தட்டுன இஞ்சி பூண்டு, மஞ்சள், பாதி உப்பு. குக்கரை மூடி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு வெள்ளாட்டுக்கு 25 நிமிஷம், லாமுக்கு 15. வெறும் சட்டின்னா ஒன்றரையிலிருந்து ரெண்டு மணி நேரம். ஆவி தானா அடங்கட்டும். திறந்ததும் மேல மிதக்குற கொழுப்பை வழிச்சுடணும். செம்மறிக் கொழுப்பு ஆறுனா மெழுகு மாதிரி மேலண்ணத்துல ஒட்டும், குளிர் ஊர்ல இன்னும் சீக்கிரம்.

இப்பத்தான் பருப்பு. கழுவிப் போட்டு, மூடாம, சிறுதீயில 20 நிமிஷம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியோட கிளறணும். மைசூர் பருப்புக்கு ஊறவைக்கிற வேலையும் கிடையாது, குக்கரும் தேவையில்ல. கறியோட சேர்த்து குக்கர்ல போட்டா கரைஞ்சு அடியில படிஞ்சு தீயும், நுரை பொங்கி விசில் துவாரத்தையும் அடைக்கும்.

பருப்பு மசியுற நேரத்துல பக்கத்து அடுப்புல ரெண்டு ஸ்பூன் எண்ணெய், ஒரு துண்டு பட்டை, ரெண்டு கிராம்பு, சோம்பு தாளிச்சு, வெங்காயத்தை நல்லா சிவக்க வதக்குங்க. பத்து நிமிஷமாவது ஆகும், அவசரப்பட்டா சூப்பு பச்சை வாசம் அடிக்கும். அப்புறம் தக்காளி, மல்லித்தூள். தக்காளி கரைஞ்சதும் சூப்புல கொட்டி ஒரு கொதி. மிளகு சீரகத்தைக் கொரகொரப்பா இடிச்சு, அடுப்பை அணைக்கும்போது போடுங்க. முன்னாடியே போட்டா காரம் நிக்கும், வாசம் போயிடும். மீதி உப்பையும் அப்பவே ருசி பார்த்துப் போடுங்க.

தக்காளி, புளி, எலுமிச்சை எதையும் பருப்பு மசியுறதுக்கு முன்னால சேர்க்காதீங்க. புளிப்பு பட்டா பருப்பு இறுகிடும், அப்புறம் மசிய ரொம்ப நேரம் ஆகும்.

மன்னார்குடி தம்பி:
நானா, தக்காளி போடாமயே லண்டன்ல பருப்பு வேக மாட்டேங்குதே?

நாகூர் நானா:
அது தண்ணி. லண்டன் குழாய்த் தண்ணி கடினத் தண்ணி. கெட்டில் அடியில வெள்ளையாப் படியுதே, அதே சுண்ணாம்புதான் பருப்பையும் இறுக்குது. ஃபில்டர் ஜக்குல பிடிச்ச தண்ணி போதும். இல்லேன்னா ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, அதுக்கு மேல போனா சோப்பு ருசி வந்துடும். ரொம்ப நாள் கிடந்த பழைய பருப்பா இருந்தாலும் இதே கதைதான்.

கும்பகோணம் அக்கா:
தம்பி, ஊர்லேருந்து குக்கர் கொண்டு வர்றவங்க ஒண்ணு கவனிக்கணும். வாடகை வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பா இருந்தா சாதா அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில காந்தம் ஒட்டுதான்னு பாத்து எடுத்துட்டுப் போங்க. மின்சார பிரஷர் குக்கர்லயே வதக்குறதா இருந்தா, அடியில ஒட்டுனதைத் தண்ணி விட்டுச் சுரண்டிட்டுத்தான் மூடணும், இல்லேன்னா அடிப்பிடிக்குதுன்னு எச்சரிக்கை காட்டி நின்னுடும்.

தாளிக்கும்போது புகை அலாரம் அடிக்கும். அதைத் துணி போட்டு மூடுறது ஆபத்து. ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் போட்டு, எண்ணெய் புகையுறதுக்கு முன்னாலயே சோம்பைப் போட்டுடுங்க.

வீட்டுல அரைச்ச மசாலாத்தூள்ல கசகசா இருந்தா சிங்கப்பூர், துபாய்க்கு எடுத்துட்டுப் போகக் கூடாது, அங்க அது தடை செஞ்ச பொருள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா, ஆஸ்திரேலியா விமான நிலையத்துல பிடுங்கிடுவாங்க. இந்த சூப்புக்கு ரெண்டும் வேணாம்.

திருவாரூர் பொண்ணு:
அக்கா, தை அறுவடைக்குப் பிறகு வயல்ல விளைஞ்ச நம்ம உளுந்தும் பச்சைப்பயறும் கையில இருக்கு, அதைப் போடலாமா?

கும்பகோணம் அக்கா:
பயறு போடலாம்மா. முழுப்பயறுன்னா நாலு மணி நேரம் ஊறணும், வேக முக்கால் மணி நேரமாவது ஆகும். உளுந்து வேணாம், கொழகொழன்னு ஆயிடும். அதைக் களிக்கு வச்சுக்க.

மிச்சத்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆறவச்சு ஃப்ரிட்ஜுல வச்சா மூணு நாள் தாங்கும். பெரிய பாத்திரத்தோட வைக்காம சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சு வைங்க, அப்பத்தான் நடுவுல சூடு தங்காது. மறுநாள் பாத்தா களி மாதிரி இறுகியிருக்கும். கெட்டுப்போகல, பருப்போட மாவுச்சத்தும் எலும்புச் சவ்வும்தான். ஒரு டம்ளர் வெந்நீர் விட்டு, நல்லாக் கொதிக்க வச்சு, மிளகைப் புதுசா இடிச்சுப் போட்டுக் குடிங்க.