ஆங் சான் 1947-ல் தப்பியிருந்தால்: கதையில் எங்கே இடிக்கும்?

கேள்வி:
1947 ஜூலை 19 அன்று ரங்கூன் செயலகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் (நிஜத்தில் அதில் இறந்தவர்) தப்பிவிடுகிறார். 1948 ஜனவரி 4-ல் விடுதலை பெறும் பர்மாவுக்கு அவரே முதல் பிரதமர். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியும், சிறுபான்மை இனமான கரென்களின் கிளர்ச்சியும் நடக்கவே இல்லை. குறுநாவலுக்கு இந்த அடித்தளம் தாங்குமா? செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றும் கதையில் உண்டு; பர்மா நிலம் அவர்கள் கையிலேயே இருக்குமா?

பதில் 1:
கிளர்ச்சிகளை அழித்துவிடாதீர்கள். கம்யூனிஸ்ட் தலைவர் தக்கின் தான் துன், ஆங் சானின் சகலை. அப்படியிருந்தும் 1946-ல் விடுதலைக்காகக் கட்சிகள் சேர்ந்து நடத்திய பாசிச எதிர்ப்பு முன்னணியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி வெளியேற்றப்பட்டது. அப்போது முன்னணியின் தலைவர் ஆங் சான்தான். கரென்கள் கதையும் இப்படித்தான். 1942-ல் மியாங்மியா பகுதியில் கரென்களைக் கொன்றது அவர் தொடங்கிய விடுதலைப் படை. விடுதலை பெறும் பர்மாவோடு சேர ஒப்புக்கொண்ட 1947 பிப்ரவரி 12 பாங்லாங் ஒப்பந்தத்தில் ஷான், கச்சின், சின் இனத் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். கரென்கள் வெறும் பார்வையாளர்கள். ஏப்ரல் தேர்தலையும் கரென் தேசிய யூனியன் புறக்கணித்தது. அவர் உயிரோடு இருந்தால் பேச்சுவார்த்தை நீளலாம், காயம் ஆறாது.

பதில் 2:
அவர் மட்டும் பிழைத்தால் போதாது. அதே அறையில் சுடப்பட்டு இறந்தவர்களில் கரென் அமைச்சர் மான் பா கைங்கும், மோங்பாவ்ன் ஷான் சிற்றரசர் சாவோ சான் துன்னும் இருந்தார்கள். அந்த மக்களோடு பேச அவருக்கு இருந்த பாலங்கள் இவர்கள். கொலையாளிகள் ராணுவ உடையில் ஜீப்பில் வந்து, மாடியேறி, கூட்டம் நடந்த அறைக்குள் நுழைந்தார்கள். ஜீப்பை வாசலிலேயே மடக்கிவிடுங்கள், எல்லோரும் பிழைப்பார்கள். நிஜத்தில் முதல் பிரதமரான ஊ நு, அரசியல் நிர்ணய சபைத் தலைவராகவே தொடர்வார்.

பதில் 3:
உண்மையான மாற்றம் ராணுவத்தில்தான் வரும். பிரிட்டிஷாருடன் செய்த 1945 செப்டம்பர் கண்டி ஒப்பந்தப்படி அவருடைய பழைய வீரர்கள் தனிப் பட்டாலியன்கள்; கரென், கச்சின், சின் வீரர்கள் வேறு பட்டாலியன்கள். ஒரே ராணுவத்துக்குள் இரண்டு நினைவுகள். விடுதலைக்குப் பின் தளபதி ஸ்மித் டன் ஒரு கரென். 1949-ல் கரென் கிளர்ச்சி வெடித்ததும் அவர் இடத்துக்கு நே வின் வந்தார். 1962 மார்ச் 2-ல் ஆட்சியையே பிடித்தார். ஹைனான் தீவில் ஜப்பானியரிடம் ராணுவப் பயிற்சி பெற்ற ‘முப்பது தோழர்கள்’ குழுவில் ஆங் சானுக்குக் கீழே இருந்தவர் நே வின். அவரை அதட்டி உட்காரவைக்கக்கூடிய அரசியல்வாதி ஆங் சான் ஒருவர்தான்.

உச்சக்காட்சியை 1958-ல் வையுங்கள். 1947 அரசியல் சட்டத்தின்படி ஷான், கரென்னி மாநிலங்கள் பத்தாண்டு கழித்துப் பிரிந்து போகலாம். பாங்லாங்கில் வாக்குக் கொடுத்தவர் அதே மேசையில் மறுபடி உட்கார வேண்டிய ஆண்டு அது.

பதில் 4:
நிலம் போகும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி, ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர், செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. அதை உழவருக்குத் திருப்பாமல் இடதுசாரியான ஆங் சான் ஆட்சி நடத்தியிருக்க முடியாது. 1948 நில தேசியமயச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நஷ்டஈட்டுப் பேச்சில் மட்டும் கற்பனையைக் காட்டுங்கள். அடகுப் பத்திரங்களைப் பெட்டியில் பூட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருக்கும் ஏஜென்ட் ஒருவர் போதும், அந்தக் குடும்பத்தின் கதை நகரும்.