குளிர் போன பிறகும் வலி நிற்கிறதா? வேர் சிகிச்சை வரை போகும் பல்லை அடையாளம் காண்பது: அனுபவப் பகிர்வு

மார்த்தாண்டம், பல் மருத்துவர்:

இந்தப் பகிர்வில் எழுதுகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை. அவரவர் பல்வலிக் கதை வேண்டாம். நாற்காலியில் வந்து உட்காருகிறவர் சொல்வதில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை நம்பினால் தப்பான பல்லில் கை வைப்போம் என்பதை மட்டும் எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

இங்கே முதல் தடுக்கல் பல்லில் இல்லை, பேச்சில் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர் "பல்லு புளிக்குந்நு" என்பார். நாக்கில் புளிப்பு தட்டுகிறது என்று அர்த்தமில்லை, நாம் "பல்லு கூசுது" என்று சொல்வதுதான் அது. "போடு" என்றால் சொத்தைக் குழி. "மோண" என்றால் ஈறு. உதவிக்கு நிற்கிற பெண் வடக்கேயிருந்து வந்தவராக இருந்தால் சீட்டில் "வாயில் புளிப்பு" என்று எழுதி வைத்துவிடுவார். சிரிக்கிற விஷயமில்லை. கூச்சம் என்றால் பல்லுக்குள் நரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. வாயில் உப்புக் கரிப்பாக எதோ ஊறுகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ சீழ் வடிகிறது. பார்க்க வேண்டிய இடமே வேறாகிவிடும்.

"வலி எவ்வளவு?" என்ற கேள்வியால் பெரிய பயனில்லை. ஈறில் மீன்முள் குத்தியவரும் உயிர் போகுது என்பார், வேர் நுனியில் சீழ் கட்டியவர் "லேசா ஒரு கனம், அவ்வளவுதான் டாக்டரே" என்பார். கேட்க வேண்டியது நேரத்தை. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் பட்டதும் சுளீரென்று வந்து, விழுங்கிய இரண்டு மூன்று விநாடியில் ஓடிவிடுகிறதா? பல்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் மென்சதை, எரிச்சல்பட்டிருக்கிறது, இன்னும் மீளும். சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்தால் பெரும்பாலும் போதும். சர்பத் உள்ளே போய் அரை நிமிடத்துக்கு மேலாகியும் பல் விண்விண்ணென்று நிற்கிறதா, எதுவும் படாமலே தானாகக் கிளம்புகிறதா, படுத்தால் கூடுகிறதா? அப்படியானால் கூழ் திரும்பி வராத கட்டத்துக்குப் போயிருக்கும் வாய்ப்பு அதிகம்.

காரணம் எளிது. உடம்பில் வேறெங்கே அடிபட்டாலும் சதை வீங்க இடம் உண்டு. பல்கூழைச் சுற்றிலும் கெட்டிச் சுவர், ரத்தம் வந்து போக வேர் நுனியில் ஊசிக்கண் அளவு வழி. வீங்க இடமில்லாததால் அழுத்தம் நரம்பின் மேலேயே ஏறுகிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடும், வலியும் கூடும். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எழுந்து உட்காருகிறவர்கள் இந்த வகை.

இதில் ஒரு கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கையில் தண்ணீர் பாட்டிலோடு வருவார்கள், வெளியே முத்து முத்தாக வியர்த்திருக்கும் குளிர்ந்த பாட்டில். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மடக்கு எடுத்து ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வார்கள். பேச வேண்டுமானால் விழுங்கிவிட்டு அவசரமாகப் பேசுவார்கள், ஏனென்றால் வாய் சூடாகத் தொடங்கினால் வலி திரும்பிவிடும். கட்டஞ்சாயா குடிக்க முடியாது, பச்சைத்தண்ணியில் தணியும். சூட்டில் ஏறி குளிரில் இறங்குகிற வலிக்கு வெறும் அடைப்பு பதிலில்லை. கூழில் ஒரு பங்கோ முழுவதுமோ எடுக்க வேண்டிவரும். முழுவதும் எடுத்து, வேருக்குள் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை. மேல்பகுதிக் கூழை மட்டும் எடுத்து எம்டிஏ போன்ற மருந்துச் சிமெண்ட் வைத்து மூடும் முறையும் இப்போது பெரியவர்களின் பல்லுக்கே உண்டு. ரத்தம் சில நிமிடத்தில் நிற்கிறதா என்று உள்ளே திறந்து பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

இனி எல்லாரும் ஏமாறும் இடம். நாலு நாள் தூங்கவிடாத பல் ஐந்தாம் நாள் சத்தமில்லாமல் அடங்கும். வேப்பங்குச்சி கேட்டுது, கிராம்புத் தைலம் கேட்டுது என்பார்கள். கூழ் செத்துவிட்டது, அதுதான் நடந்தது. சொல்வதற்கு நரம்பு இல்லை. கிருமி உள்ளே இருந்தபடி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கும். சில வாரமோ சில வருடமோ கழித்து, கடித்தால் வலி, "அந்தப் பல்லு மட்டும் உயரமா நிக்குற மாதிரி இருக்கு" என்று திரும்ப வருவார்கள். இப்போது சர்பத் பட்டால் ஒன்றும் தெரியாது. கூச்சம் போனதைச் சுகமென்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

செங்கோட்டை, பல் எக்ஸ்ரே எடுப்பவர்:

படத்தை நம்பி வருகிறவர்களுக்கு ஒன்று. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே" என்று அண்ணாச்சிமார் சண்டைக்கு வருவார்கள். வேர் நுனியில் எலும்பு கரையத் தொடங்கியதும் படத்தில் தெரிந்துவிடாது. சுண்ணச்சத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் கறுப்பாக விழும். நேற்று தொடங்கிய சீழுக்குப் படம் சுத்தமாக இருக்கலாம். கூழ் வீக்கமும் படத்தில் தெரியாது, சொத்தை கூழுக்கு எத்தனை கிட்டே போயிருக்கிறது என்பதுதான் தெரியும்.

தப்புப் பல் விவகாரம் நிறைய. கூழ் வலி இடம் மாறித் தெரியும். கீழ்க் கடைவாய்ப்பல் காதில் குத்தும், மேல்பல் பொட்டில் குத்தும். ஆர்யங்காவு தாண்டித் தென்மலை, புனலூர் வரை காதுக்கு மருந்து விட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் பல்லுக்கு வருகிறவர்கள் உண்டு. மேலா கீழா என்றே சிலருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கூழ் வலி இடமிருந்து வலமாகத் தாண்டாது. அதனால் அந்தப் பக்கத்து மேல், கீழ் இரண்டுக்கும் படம் கேட்டால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஈறில் கொப்புளம் இருந்தால் வேலை சுலபம். பருப்பு அளவு, சிவப்பாகவோ வெளுத்தோ இருக்கும். அமுக்கினால் உப்பாக வடியும், இரண்டு நாளில் அமுங்கும், மறுபடி வரும். வடிகால் இருப்பதால் பெரும்பாலும் வலிக்காது. அந்தத் துளையில் கட்டாபெர்ச்சா என்ற இளஞ்சிவப்பு ரப்பர் குச்சியை மெல்ல நுழைத்துப் படம் எடுத்தால், குச்சி வளைந்து நெளிந்து போய்க் குற்றவாளி வேரின் நுனியில் நிற்கும். கொப்புளம் ஒரு பல்லுக்கு நேரே, குச்சி போய் நிற்பது பக்கத்துப் பல்லில் என்பதும் நடக்கும். கொப்புளத்தைக் கீறிவிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ஊற்று வேருக்குள் இருக்கிறது.

களியக்காவிளை, மருந்தாளுநர்:

ஐந்து மாத்திரை ஆன்டிபயாட்டிக் தாங்க, பல்லுக்கு என்று கேட்பவர்களுக்குத் தினமும் சொல்லும் பதில் இதுதான். வீங்கிய கூழுக்குள் ஆன்டிபயாட்டிக் வேலை செய்து வலியைத் தீர்க்காது. செத்த கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எந்த வழியாகப் போகும்? வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் மருத்துவர் எழுதுவார், அப்போதும் உள்ளே இருப்பதை வெளியேற்றும் வேலைக்குத் துணையாகத்தான். கேரளத்தில் 2024 தொடக்கத்தில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளில் சோதனை தொடங்கினார்கள். எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், இங்கேயும் அது சீட்டுக்கு மட்டும் உரிய மருந்துதான்.

வலிக்கு, வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்த்து எடுப்பது தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண், ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இதில் ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபனைத் தொடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் இன்னொன்று. டெங்கு இருக்குமோ என்ற காய்ச்சலோடு பல்லும் வலித்தால் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால் மட்டும்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் அடக்குவதும், கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க வைப்பதும் ஈறை வெளுக்க வேகவைத்துவிடும். மறுநாள் பல்வலியோடு புண்வலியும் சேரும்.

தாடைக்கடியில் வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை, பேச்சு அடைத்த மாதிரி வருகிறது என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரி, அதுவும் அன்றே. மூச்சுக்குழாய் அடைபடலாம். மேல் கோரைப்பல் பக்கத்து வீக்கம் கண்ணை மூடுகிறதென்றாலும் அதே அவசரம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இதெல்லாம் வேகமாக நடக்கும்.

கம்பம், பல் மருத்துவர்:

ஞாயிற்றுக்கிழமை குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது சொத்தையே இல்லாத வலி. முறுக்கான் போட்டுப் போட்டு, கொட்டைப்பாக்கை உடைத்து உடைத்து, கடைவாய்ப்பல் தட்டையாகத் தேய்ந்திருக்கும், நடுவில் மயிரிழை மாதிரி விரிசல். அடையாளம், கடிக்கும்போது இருப்பதைவிடக் கடியை விடும்போது சுருக்கென்று குத்தும். பல்லின் ஒவ்வொரு முனையாகச் சிறு கட்டையைக் கடிக்க வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு முனையில் மட்டும் துள்ளுவார். விரிசல் மேலோடு நின்றிருந்தால் கேப், அதாவது பல்லுக்கு மேல் உறை, போட்டே காப்பாற்றலாம். கூழைத் தொட்டிருந்தால் வேர் சிகிச்சையும் கேப்பும். வேர் நீளத்துக்குப் பிளந்திருந்தால் பிடுங்குவதுதான். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழம் பார்க்கும் அளவுகோல் ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக, ஆழமாக இறங்கினால் அந்தக் கடைசி வகையைச் சந்தேகிக்கலாம்.

வாரம் ஒரு நாள்தான் இறங்க முடியும் என்பவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று வேர்க்குழாய், மேல் முதல் கடைவாய்ப்பல்லில் நாலாவது ஒன்று ஒளிந்திருக்கும். ஒரே உட்காரலில் முடியுமா என்பது பல்லைப் பொறுத்தது. சீழ் வடிந்துகொண்டே இருக்கும் பல்லை அவசரமாக மூடினால் ராத்திரி தோட்டத்தில் வீங்கிப்போய்த் தவிப்பீர்கள்.

மார்த்தாண்டம், பல் மருத்துவர்:

விரிசலைப் பற்றிச் சொன்னது நல்லது. நான் விட்டது, வேர் சிகிச்சை மாதிரித் தோன்றி அது தேவைப்படாத வலிகள்.

உமிக்கரி போட்டு விரலால் பரபரவென்று தேய்க்கிறவர்களுக்கு ஈறோரத்தில் பல் பள்ளமாகத் தேயும். நகத்தால் வருடினால் விரல் அங்கே தட்டும், சுளீரென்றும் இருக்கும். கூச்சம் நாலைந்து பல்லில் இருக்கும், குளிர் போனதும் போய்விடும். தேய்ப்பதை மாற்றி, பள்ளத்தை அடைத்தால் தீரும்.

ஜலதோஷத்துக்குப் பிறகு மேல் கடைவாய்ப்பற்கள் வரிசையாக வலித்து, குனிந்தால் முகம் கனத்தால் அது சைனஸ். பல்கூழ் வலி எங்கே தெரிந்தாலும் ஒரு பல்லிலிருந்துதான் கிளம்பும், சைனஸ் வரிசைக்கே வரும். இருபது வயதுப் பையனுக்கு வாய் திறக்க முடியாமல் கடைசிப் பல்லின் பின்சதை வீங்கினால் ஞானப்பல்லுக்கு மேலிருக்கும் ஈறு மடிப்பு. நேற்றுப் போட்ட அடைப்பில் கடித்தால் வலியென்றால் முதலில் வண்ணத்தாளைக் கடிக்க வைத்து உயரம் பார்ப்போம், அடைப்பு ஒரு மயிரிழை தூக்கி நின்றாலே போதும், அழுத்திக்கொண்டே இருக்கும். ஆழமான அடைப்புக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் குளிருக்குக் கூசலாம், ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டும்.

மாடி ஏறும்போது மட்டும் இடது கீழ்த்தாடை வலித்து, நின்றால் நிற்கிற வலி இருந்தால் பல் நாற்காலிக்கே வராதீர்கள். இருதய மருத்துவரைப் பாருங்கள்.

கோபாலபுரம், குழந்தைகள் பல் மருத்துவர்:

குழந்தைகளுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. பால்பல்லில் வலி என்று சொல்லத் தெரியாமலே கூழ் செத்துப் போகும். ஒரு பக்கமாகவே மெல்லுவது, பிஸ்கட்டை ஊறவைத்துக் கேட்பது, கடைவாய்ப்பல் ஈறில் கொப்புளம், இவைதான் குறி. விழப்போகிற பல்தானே என்று விட்டால் அடியிலிருக்கும் நிலைப்பல்லின் மேல்பூச்சு கெடலாம். நிலைப்பல் முளைத்து ஏறக்குறைய மூன்று வருடம் வரை வேர் நுனி திறந்தே இருக்கும், அந்த வயதில் கூழை உயிரோடு வைத்திருக்கப் பார்ப்பதுதான் முதல் வேலை. விழுந்து அடிபட்ட முன்பல் சில வாரம் குளிருக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு மீளலாம், அவசரப்பட்டுத் துளைக்கக் கூடாது. நிறம் சாம்பலாகிக்கொண்டே போய், கூடவே கொப்புளமோ வலியோ வந்தால் அப்போது பார்க்கலாம்.

செங்கோட்டை, பல் எக்ஸ்ரே எடுப்பவர்:

ஒன்று விட்டுப்போச்சு. வேர் சிகிச்சை தேவை என்று தெரிந்த பிறகும் பல் அதைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது கெட்டியான பல் மிஞ்சியிருந்தால்தான் கேப் பிடித்து நிற்கும். அதைப் படத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது, சொத்தையைச் சுத்தம் செய்த பிறகுதான் தெரியும்.

மார்த்தாண்டம், பல் மருத்துவர்:

பார்க்க வருகிற அன்று காலையில் வலி மாத்திரை போட்டுவிட்டு வருகிறார்கள். வந்து உட்கார்ந்தால் எந்தப் பல்லைத் தட்டினாலும் "ஒண்ணுமில்லையே" என்கிறார்கள். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடி முனையால் தட்டுவது, பஞ்சில் குளிர் ஸ்ப்ரே தெளித்துப் பல்லில் வைப்பது, இந்த இரண்டு சோதனையும் மாத்திரை வேகத்தில் பொய் சொல்லும். தாங்க முடிந்தால் நாலைந்து மணி நேரம் மாத்திரை இல்லாமல் வாருங்கள். முடியவில்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு, எந்த மாத்திரை என்று மட்டும் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள்.