ஒரு பழைய காரைப் புதுப்பித்து முடித்தவர்கள் இன்னொன்றைத் தொடுவீர்களா?

பழையசேஸி

வணக்கம் நண்பர்களே. ஒரு காரை முழுசாகப் பிரித்துக் கோர்த்து ரோட்டில் ஓட விட்டவர்களிடம் ஒரே கேள்வி: மறுபடியும் செய்வீர்களா? செய்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? எந்த நிலையில் இருக்கும் வண்டியை எடுக்கலாம், எதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட வேண்டும், எந்த வேலை நேரத்தைத் தின்னும் என்று விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும். இப்போது கண் வைத்திருப்பது 1972 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), திறந்த மேற்கூரை மாடல். தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. ஓனர் "எஞ்சின் ஜாம், மற்றபடி பாடி சுத்தம்" என்கிறார்.

டிங்கர்பட்டறை

தாராளமாகச் செய்யலாம் சார், ஆனால் இரண்டாவது வண்டியை எஞ்சினைப் பார்த்து எடுக்கக் கூடாது. ஜாம் ஆன எஞ்சினை லேத்தில் கொடுத்து மீட்டுவிடலாம். துரு தின்ற பாடியில்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வோம். முழு ரெஸ்டோரேஷன் 1000 மணி நேரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அதில் பெரும்பங்கு தகர வேலையும் பெயின்டுக்கு முந்தைய வேலையும்தான்.

எம்ஜிபியில் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில்தான் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். துரு உள்ளேயிருந்துதான் தொடங்கும். உள்ளே இற்றுப்போயிருக்க, வெளித் தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்கப்படும் வண்டிகள் நிறைய. அதனால் "பாடி சுத்தம்" என்ற வார்த்தையை நம்பாமல் கதவின் இடைவெளியைப் பாருங்கள். திறந்த வண்டியில் சில் பலவீனமானால் நடுப்பகுதி கீழே இறங்கும், கதவின் மேல் பக்க இடைவெளி நெருங்கிவிடும். ஜாக் வைக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கும்போது அந்த இடைவெளி கண்ணெதிரே மாறினால் அப்படியே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சில் மாற்றுவதென்றால் வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை முன் தூணுக்கும் பின் தூணுக்கும் வெல்ட் வைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி சில மில்லிமீட்டர் மடங்கும். புது சில் அந்த மடங்கலோடே வெல்ட் ஆகிவிடும், பிறகு எத்தனை ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்தாலும் கதவு உட்காராது. டேக் (தற்காலிகப் பொட்டு வெல்ட்) மட்டும் வைத்த நிலையிலேயே கதவையும் முன் விங்கையும் (முன் மட்கார்டு) மாட்டிப் பாருங்கள். சுற்றிலும் 4 முதல் 5 மில்லிமீட்டர் சீராக வந்த பிறகே முழு வெல்ட்.

தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதற்கு மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி, ஆர்கான் கலந்த கேஸ். நீளமாக ஓட்டினால் தகடு அலையடிக்கும். 25 மில்லிமீட்டருக்கு ஒரு பொட்டு வைத்து, உடனே எதிர் முனைக்குப் போங்கள், தானாக ஆறட்டும். தண்ணீரை ஊற்றிக் குளிர வைக்க வேண்டாம். கம்பெனியில் ஸ்பாட் வெல்ட் இருந்த இடங்களில் புதுத் தகட்டில் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அதை வெல்டால் நிரப்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படும் இரண்டு முகங்களிலும் வெல்ட் தாங்கும் சிங்க் பிரைமர் முதலிலேயே அடித்திருக்க வேண்டும், ஒட்டிய பிறகு அங்கே பிரஷ் போகாது. பெயின்ட் முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு ஸ்ப்ரே. அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மெழுகோ சீலரோ அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அடைபட்டதால்தான் பழைய சில் போனது.

பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அது தட்டி எடுக்க வேண்டிய பள்ளம் என்று அர்த்தம். வெறும் இரும்பில் முதலில் எபாக்சி பிரைமர், அதன்மேல் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும். நனைந்த பட்டியின் மேல் பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் கொப்புளம் கட்டும். துரு எடுக்க ஆசிட் பயன்படுத்தினால் முழுதாகக் கழுவிக் காயவைத்த பிறகே எபாக்சி, இல்லையென்றால் தோல் உரிவது போல உரியும். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. அதை அடிக்கச் சாதாரண முகமூடி போதாது, வெளிக்காற்று வரும் மாஸ்க் கட்டாயம். மூச்சுக்குழாய் ஒருமுறை கெட்டால் திரும்பாது, இதில் சமாதானமே கிடையாது.

கார்புரேட்டர்காதலன்

டிங்கர் அண்ணன் சொன்ன பாடி விஷயம் நூறு சதவீதம் சரி. எஞ்சின் பக்கம் நான் சேர்க்கிறேன்.

ஜாம் ஆன எஞ்சினில் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சமபங்கு கலந்து ஊற்றிச் சில நாள் விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பிஸ்டன் ரிங் உடைந்து போரை (சிலிண்டரின் உள்சுவர்) கீறிவிடும்.

ஓட ஆரம்பித்ததும் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில், எல்லா பிளக்கும் வெளியே, திராட்டில் முழுதாகத் திறந்து. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம். அசையவே இல்லையென்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்.

ரீபோர் (சிலிண்டரை அகலமாக அறுப்பது) செய்வதாக முடிவானால் பிஸ்டன் செட் கையில் வந்த பிறகே பிளாக்கை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். கிடைப்பது 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் என்று இருக்கும். போரை அந்தப் பிஸ்டனை அளந்துதான் அறுக்க வேண்டும். ரிங்கை போருக்குள் தனியாக இறக்கி வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். ஒரு அங்குல போருக்கு 4 தௌ என்பது பொதுக் கணக்கு, 80 மில்லிமீட்டர் போருக்கு 0.3 மில்லிமீட்டர் சுமார். இதைவிடக் குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் என்பதால் ஹெட்டைத் திறக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினப்படுத்திய சீட் (வால்வு உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். பிறகு அதற்காக ஒரு தடவை திறப்பது வீண்.

நல்ல எஞ்சின் கெடுவது முதல் ஸ்டார்ட்டில்தான். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் டாப்பெட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அவை முதல் சில நிமிடத்திலேயே ஒன்றோடொன்று பழக வேண்டும். கேம் மேடுகளில் அசெம்பிளி பேஸ்ட், சிங்க் அதிகமுள்ள ஆயில், பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகு ஸ்டார்ட். பற்றியதும் ஐட்லில் விடாமல் 2000 ஆர்பிஎம் அருகே 20 நிமிடம், கொஞ்சம் ஏற்றி இறக்கி. அதற்கு டைமிங், பெட்ரோல், தண்ணீர் எல்லாம் முன்பே சரியாக இருக்க வேண்டும். பற்றாமல் ஸ்டார்ட்டரையே சுற்றிக்கொண்டிருந்தால் பேஸ்ட் வழிந்து கேம் மேடு தேயும். அந்த இரும்புத் தூள் புது பேரிங்கில் போய் உட்காரும், மொத்த வேலையும் முதலிலிருந்து.

குரோம்பெட்டி

சின்னச் சாமான்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வண்டி முழுமையாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எம்ஜிபிக்கு புது பாடி ஷெல்லே 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் தயாரித்து வந்திருக்கிறது, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 2.1 கோடிக்கு மேல் உற்பத்தியான கார். இப்படிப்பட்ட வண்டிகளுக்குச் சாமான் தேடி அலைய வேண்டாம். கொஞ்சமாகவே உற்பத்தியான காரில் ஒரு டெயில் லேம்ப் கண்ணாடி இல்லாததால் வருஷக்கணக்கில் நிற்கும்.

ஸ்டீல் பம்பரை மறுபடி குரோம் போடலாம். சிங்க் வார்ப்பில் செய்த கைப்பிடி, பேட்ஜ் எல்லாம் குழி விழுந்தால் பாலிஷ் செய்யச் செய்யக் குழி ஆழமாகும். ஒவ்வொரு குழியாகத் தோண்டி, செம்பு ஏற்றி நிரப்பி, நிக்கல், அப்புறம் குரோம். எல்லாக் கடையும் அந்த வேலையை எடுக்காது. புதுச் சாமான் வந்து பொருந்தும் வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். புது பம்பர், பீடிங், லாக் எல்லாவற்றையும் பெயின்டுக்கு முன்பே ஒருமுறை மாட்டிக் கழற்றிவிடுங்கள். புதிதாக வரும் சாமானில் ஓட்டை தள்ளிப்போயிருப்பது சகஜம், அதைப் பெயின்டுக்குப் பிறகு ராவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வயரிங்ராஜா

1967 வரை வந்த எம்ஜிபியில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), 72இல் நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். ஆனாலும் பேட்டரி மாட்டும் முன் ஒருமுறை வயரைத் தொடர்ந்து பார்த்துவிடுங்கள். விளக்கு மங்கினால் வயரிங் மொத்தமும் மாற்ற ஓட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, லைட்டின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் துரு. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள்.

பிரேக்கில் ஒரு குறிப்பு. மிதித்து விட்ட பிறகும் சக்கரம் இறுகி நின்றால் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறங்கள். உடனே சக்கரம் விட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது, வெளியே பார்க்கப் புதிது போலவே இருக்கும். அந்த வயசு வண்டியில் ஹோஸ்களைக் கேட்காமலே மாற்றுங்கள். சிலிகோன் வகை டாட் 5 பிரேக் ஆயிலை டாட் 3, 4 ஆயிலோடு கலக்கவே கூடாது. பெட்ரோல் ஹோஸும் எத்தனால் தாங்கும் ரகமாக இருக்கட்டும். காலி டேங்க் என்று நினைத்து அதில் வெல்ட் வைக்காதீர்கள், மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும்.

மெதுவாஓட்டு

மறுபடி செய்யலாம், ஆனால் முழுசாகப் பிரிக்கும் வேலையாக வேண்டாம் என்பது என் கட்சி. பாதியில் நிற்கும் வண்டிகளை எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே வாரத்தில் பிரித்தவை. பிரிப்பது சுலபம். ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு பிரேக், டயர், பெட்ரோல் லைன், கூலிங், வயரிங் என்று ஒவ்வொன்றாக முடியுங்கள். ஒன்றை மூடிய பிறகே அடுத்ததைத் திறங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2314 என்றால் 2014இன் 23வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000க்கு முந்தைய டயர், அதில் ஓட்டவே வேண்டாம்.

கம்பெனி பெயின்ட் ஓரளவு மிச்சமிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். பழமை வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும், புதிது போல மாற்றுவதைவிட இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், கம்பெனி பெயின்ட் ஒருமுறைதான் வரும்.

பழையசேஸி

அனைவருக்கும் நன்றி. ஓனரிடம் மறுபடி கேட்டதில் "சில் ஏற்கெனவே மாற்றியாச்சு" என்கிறார். உள் தகடும் மாற்றினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிங்கர்பட்டறை

அடியில் படுத்துப் பாருங்கள் சார். சில்லின் கீழ் விளிம்பில் தகடுகள் சேரும் இடம் ஒழுங்காக, வரிசையாக வெல்ட் பொட்டுகளோடு இருக்க வேண்டும். அங்கே ஒரே கட்டியாக அண்டர்கோட் பூசியிருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பிறகு உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கி, ஃப்ளோர் தகடு சில்லோடு சேரும் மூலையை ஸ்க்ரூ டிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்கள், "டங்" என்று கேட்க வேண்டும், "பொத்" என்று கேட்கக் கூடாது. வடிகால் ஓட்டை வழியாகப் போனில் மாட்டும் சின்னக் கேமராவை விட்டால் நடுத் தகடு தெரியும். அதில் கீழ் விளிம்பு இருக்கிறதா, தொங்கலாக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன் விங்கின் பின்முனைக்கு உள்ளே ஒளிந்திருக்கும் சில்லின் முன்பகுதியையும் சக்கரம் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓனர் மறுத்தால், வெளித் தகடு மட்டும் மாற்றிய வண்டி என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.