புதுப்பிப்பு: நிச்சயிக்கப்பட்ட இளவரசி எங்கே வளர்வாள்?

நான் எழுதும் கதைக்காக, இடைக்கால ஐரோப்பாவில் திருமணத்துக்கு முன்பே இளவரசி மாப்பிள்ளை வீட்டு அரண்மனையில் வளர்ந்ததுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு, தாராளமாக. பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் மகள் ஆலிஸை 1169-இல் இங்கிலாந்து இளவரசர் ரிச்சர்டுக்கு நிச்சயித்து, சிறுமியாகவே அங்கே அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்தின் பிடியிலேயே இருந்தாள், கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. 1191-இல் சிசிலித் தீவின் மெசினாவில், அதற்குள் மன்னராகிவிட்ட ரிச்சர்டு அவளை வேண்டாம் என்று கழற்றிவிட்டார். மருமகள் என்ற பெயரில் பணயக்கைதி! 1195-இல்தான் பிரான்சுக்குத் திரும்பினாள், அதே வருஷம் அங்குள்ள போந்தியூ பகுதியின் பிரபுவை மணந்தாள்.

அந்தக் காலத் திருச்சபைச் சட்டப்படி நிச்சயத்துக்கு 7 வயது போதுமாக இருந்தது. திருமணத்துக்குப் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14. அந்த வயது வந்ததும் மறுக்கவும் உரிமை இருந்தது. என் கதை இப்போது அந்தப் பன்னிரண்டாம் பிறந்தநாளை நோக்கித்தான் நகர்கிறது.

அப்புறம், எழுதும்போது கேட்க நல்ல பாட்டு சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தேனே. இசை நாடகப் பாடல்கள் காட்சியை யோசிக்கும்போது அருமை. ஒரே பாட்டில் இரண்டு பேர் எதிரெதிராக ஆசைப்படுவதைக் கேட்டுத்தான் என் கதையின் பேச்சுவார்த்தைக் காட்சியே பிடிபட்டது. ஆனால் வசனம் எழுத உட்கார்ந்தால் பாட்டின் வரிகள் குறுக்கே வருகின்றன. அப்போது வெறும் வாத்திய இசைதான்.